நீறு பூத்த மையங்கள்

நீறு பூத்த நெருப்பு என்றொரு தொடர் நம் மொழியில் உண்டு. மேலே சாம்பல் படிந்திருக்கும், அடியில் கனல் கிடக்கும். வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வரும் ஒரு பொருளுக்கு இத்தொடர் பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. பொருந்தாத அந்தப் பாதியின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இது இலக்கியம் பேசும் இடமாயிற்றே, இங்கே காலக்ஸிகளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரே வரிக்கு மூன்று உரைகாரர்கள் மூன்று பொருள் கண்டு, மூன்றும் இலக்கணத்துக்கு உட்பட்டே நிற்கும் நிலை நமக்குப் புதிதன்று. இங்கே நடந்ததும் ஏறக்குறைய அதுவே. உரை எழுதப்பட்ட மூலம் மட்டும் ஒளி.

நாம் வாழும் பால்வெளியைப் போன்ற கோடானுகோடி விண்மீன்களின் தொகுதியே காலக்ஸி. பெரிய காலக்ஸிகளில் ஏறத்தாழ எல்லாவற்றின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை இருக்கிறது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அதனுள் வாயு விழும்போது, விழுந்து மறைவதற்குமுன் கடுமையாகச் சூடாகி ஒளிர்கிறது. மிகுதியாக விழுந்தால் அந்த மையம் தன் காலக்ஸியின் விண்மீன்கள் அத்தனையையும் மங்கச் செய்யும். அதுவே க்வேஸார். அவற்றைப் பற்றித் தமிழிலும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நாம் பேசப் புகுவது அவற்றின் ஏழை உறவினர்களை. நடுவில் ஏதோ எரிவது தெரிகிறது, ஆயின் எரிவது எது என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கலாக இருக்கும் மையங்கள் அவை. நம் அண்டையிலுள்ள பிரகாசமான காலக்ஸிகளில் மூன்றில் ஒரு பங்கு இத்தகையவை என்றால், இது ஓரத்து விவகாரம் அல்ல என்பது விளங்கும்.

கதை 1908இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் தொடங்குகிறது. எட்வர்ட் ஃபாத் என்னும் ஆய்வு மாணவர், சுருள் நெபுலாக்கள் எனப்பட்டவை விண்மீன் கூட்டங்கள்தாமா என்று அறிய அவற்றின் நிறமாலைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். விண்மீன் கூட்டம் எனில் நிறமாலையில் கருங்கோடுகள் தோன்ற வேண்டும். அவர் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. என்.ஜி.சி. 1068 என்ற ஒன்றில் மட்டும் கருங்கோடுகளோடு, வாயு எரியும் இடத்துக்குரிய ஒளிக்கோடுகளும் சேர்ந்து கிடந்தன. 1917இல் லோவெல் வானாய்வகத்தின் வெஸ்டோ ஸ்லைஃபர் இன்னும் தெளிவான பதிவெடுத்து, அக்கோடுகள் வழக்கத்துக்கு மாறாக அகன்றிருப்பதைக் குறித்தார். கோடு அகன்றிருந்தால் வாயு பெருவேகத்தில் இங்குமங்கும் ஓடுகிறது என்று பொருள். ஏன் ஓடுகிறது என்பதற்கு அன்று யாரிடமும் விடை இல்லை.

1943இல் கார்ல் சீஃபர்ட் இத்தகைய ஆறு காலக்ஸிகளை ஒருசேர ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலவற்றில் ஹைட்ரஜன் கோடுகளின் அகலம் நொடிக்கு 8,500 கிலோமீட்டர் வரை சென்றது. இன்று அவ்வகைக் காலக்ஸிகளுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அன்றோ அக்கட்டுரையை ஏறிட்டுப் பார்த்தவர் சிலரே. 1960இல் அவர் ஒரு கார் விபத்தில் மாண்டார். மூன்றே ஆண்டுகளில், 1963இல், மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற க்வேஸாரின் தொலைவைக் கணித்தார். அதன்பின் சீஃபர்டின் கட்டுரையைத் தேடாதவர் இல்லை.

க்வேஸாரின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? விண்மீன்களை எரிய வைக்கும் அணுச்சேர்க்கை, ஹைட்ரஜனின் நிறையில் நூற்றுக்கு 0.7 பங்கையே ஆற்றலாக்கும். கருந்துளையை நோக்கி வட்டமாகச் சுழன்று விழும் வாயு, நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை ஒளியாக்க வல்லது. 1964இல் அமெரிக்காவில் எட்வின் சால்பீட்டரும் சோவியத் நாட்டில் யாக்கோவ் செல்டோவிச்சும் தனித்தனியே இவ்வழியைச் சுட்டினர். 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல் ஒரு படி மேலே போனார். க்வேஸார்கள் பழங்காலத்தில் மிகுந்து, இன்று அருகிவிட்டன. ஆயின் கருந்துளை அழிவதில்லை. எனவே அணைந்துபோன க்வேஸார்கள் நம் அண்டைக் காலக்ஸிகளின் நடுவில் கிடந்தே ஆக வேண்டும். கணக்கு கச்சிதமாக இருந்தது. அவை எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. மங்கலான மையங்கள் மேல் எல்லோர் கண்ணும் திரும்பியதற்கு இதுவே காரணம். அவை உண்மையிலேயே கருந்துளைகள் என்றால் பிரபஞ்ச வரலாற்றின் ஐந்தொகையில் விடுபட்ட பதிவு கிடைத்துவிடும். இல்லையென்றால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இங்கே சற்று நின்று, நிறமாலையை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்பது நலம். வாயுவின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பது அயனியாக்கம். ஆக்ஸிஜன் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருந்தால் 5007 ஆங்ஸ்ட்ராமில் பச்சைக்கோடு ஒன்று வலுவாகத் தோன்றும். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவில் முதன்முதல் கண்ட பச்சைக்கோடுகளில் ஒன்று இது. மண்ணுலகில் இல்லாத தனிமம் என்று கருதி அதற்கு 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டினர். 1927இல் ஐரா போவன்தான் அது நாம் மூச்சுவிடும் ஆக்ஸிஜனே என்று காட்டினார். ஒரே ஓர் எலக்ட்ரானை இழந்த ஆக்ஸிஜன் 3727இலும், ஒன்றையும் இழக்காத ஆக்ஸிஜன் 6300இலும் கோடிடும். இந்த 6300 கோட்டை வடதுருவ வானில் மின்னும் செந்நிறச் சோதியில் வெறுங்கண்ணாலேயே காணலாம். எரியூட்டுவது கடுமையாக இருந்தால் 5007 ஓங்கும். மென்மையாக இருந்தால் மற்ற இரண்டும் ஓங்கும். இந்த மூன்று கோடுகளின் விகிதத்தை வைத்துத்தான் மொத்த வழக்கும் நடந்தது.

1959இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கியும் டொனால்ட் ஆஸ்டர்ப்ராக்கும் என்.ஜி.சி. 1052 போன்ற நீள்வட்டக் காலக்ஸிகளின் வாயுவை ஆராய்ந்திருந்தனர். 1962இல் மார்கரெட், ஜெஃப்ரி பர்பிட்ஜ் தம்பதியர் பல சுருள் காலக்ஸிகளின் மையத்தில் நைட்ரஜன் கோடு ஹைட்ரஜனை மிஞ்சி நிற்பதைக் கண்டனர். 1976இல் காஸ்கியும் ஆஸ்டர்ப்ராக்கும் மறுபடி என்.ஜி.சி. 1052ஐ அளந்து, அங்கே வாயு அதிர்ச்சி அலைகளால் சூடாகியிருக்கலாம் என்றனர். வாயு மேகங்கள் ஒலியை விஞ்சிய வேகத்தில் ஒன்றோடொன்று மோதினால் எழும் வெப்பம் அது. கருந்துளையை அழைக்காமலே விளக்கம் முடிந்துவிட்டது. 1980இல் டிமதி ஹெக்மன் பிரகாசமான காலக்ஸிகளின் மையங்களை வரிசையாக ஆராய்ந்து, இது தனிப்பட்ட ஒரு காலக்ஸியின் விசித்திரம் அன்று, பரவலான ஒரு வகை என்று நிறுவினார். 3727 கோடு 5007ஐ விட வலுவாகவும், 6300 கோடு 5007இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இருந்தால் அது இவ்வகை. அவர் வைத்த பெயர் 'லைனர்'. தாழ்ந்த அயனியாக்கம் கொண்ட மையப்பகுதி ஒளிக்கோட்டு மண்டலம் என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. இப்பெயரில் 'மையப்பகுதி' என்ற சொல் இருப்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

ஹெக்மனும் அதிர்ச்சி அலைகள் பக்கமே சாய்ந்திருந்தார். மூன்றே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. 1983இல் கேரி ஃபெர்லண்டும் ஹகாய் நெட்சரும் ஒரு கட்டுரையில், அதிர்ச்சியால் சூடான காலக்ஸி என்று ஏதேனும் உண்டா என்று தலைப்பிலேயே கேட்டனர். சீஃபர்ட் காலக்ஸியின் மையத்தில் எரியும் அதே கதிர்மூலத்தை எடுத்துக்கொண்டு, வாயுவின் அடர்த்தியோடு ஒப்பிடக் கதிரின் அளவைக் குறைத்தால் போதும், லைனரின் கோடுகள் தாமே வந்துவிடுகின்றன என்று காட்டினர். அதே ஆண்டு ஹால்பெர்னும் ஸ்டைனரும் எக்ஸ்-கதிரை வைத்து அதே முடிவுக்கு வந்தனர். அதாவது லைனர் வேறொரு சாதி அன்று, நீர்த்த சீஃபர்ட்.

கருந்துளைக் கட்சிக்கு இது பெரும் வெற்றி. ஆயினும் விண்மீன் கட்சி சும்மா இருக்கவில்லை. அர்ஜென்டினாவில் பிறந்த ராபர்ட்டோ டெர்லெவிச்சும் சிலியின் ஹோர்ஹே மெல்னிக்கும் 1985இல், மிகச் சூடான பெருவிண்மீன்கள் கூட்டமாய்ப் பிறந்த இடத்திலும் இத்தகைய கோடுகள் எழ முடியும் என்றனர். 1992இல் டெர்லெவிச்சும் அலெக்ஸ் ஃபிலிப்பென்கோவும் சிலவகை லைனர்களுக்குச் சூடான இளம் விண்மீன்களே போதும் என்று கணக்கிட்டனர். ஃபிலிப்பென்கோ அப்போது கருந்துளைகளைத் தேடும் பெரும்பணியில் இருந்தவர். எதிர்த்தரப்பின் வாதத்தைத் தாமே எழுதிப் பார்க்கும் இந்தப் பண்பு நம் இலக்கியச் சண்டைகளில் அரிது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

அந்தப் பெரும்பணி பலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் நடந்தது. லூயிஸ் ஹோ, ஃபிலிப்பென்கோ, வாலஸ் சார்ஜென்ட் மூவரும் 486 காலக்ஸிகளின் மையங்களை ஒரே முறையில் அளந்து, 1990களின் நடுவில் முடிவுகளை வெளியிட்டனர். நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் மையச் செயல்பாட்டின் அறிகுறி தெரிந்தது. அவற்றுள் பெரும்பான்மை லைனர்கள் அல்லது லைனர் கலந்தவை. சிலவற்றில் ஹைட்ரஜன் கோட்டின் அடியில், சீஃபர்ட் கண்டதைப் போன்ற அகன்ற பாதம் ஒன்று மெல்லத் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு இளம் விண்மீன்களைக் காரணமாகச் சொல்வது கடினம்.

இரண்டு சாட்சிகள் வழக்கின் போக்கை மாற்றின. ஒன்று என்.ஜி.சி. 1097. சாதுவான லைனர் என்று அறியப்பட்டிருந்த இதன் நிறமாலையில், 1991இல் பிரேசிலின் டாய்சா ஸ்டார்கி-பெர்க்மன் இரட்டைக் கொம்பு போன்ற அகன்ற ஹைட்ரஜன் கோட்டைக் கண்டார். முந்தைய பதிவுகளில் அது இல்லை. சுழலும் வட்டு ஒன்றின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரவும் மறுபக்கம் விலகவும் செய்தால் அப்படிப்பட்ட இரு கொம்புகள் தோன்றும். மற்றது, விந்தையாக, அதிர்ச்சி அலைக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட அதே என்.ஜி.சி. 1052. 1999இல் பார்த், ஃபிலிப்பென்கோ, மோரன் மூவரும் கெக் தொலைநோக்கி கொண்டு, அதன் ஒளியில் தளவிளைவுற்ற பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அங்கே அகன்ற ஹைட்ரஜன் கோடு தெரிந்தது. மறைவில் கிடக்கும் மையத்தின் ஒளி வேறு இடத்தில் பட்டுச் சிதறி நமக்கு வருகிறது. வாசலில் நின்றால் தெரியாத விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுவதைப் போல.

சரி, உள்ளே கருந்துளை இருக்கிறது. அப்படியானால் ஏன் இத்தனை மங்கல்? உணவு குறைவு என்பது எளிய விடை. அது மட்டும் போதவில்லை. சுற்றிலும் உள்ள சூடான வாயுவைக் கணக்கிட்டால், விழக்கூடிய அளவுக்கும் வெளிவரும் ஒளிக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளி இருந்தது. இதற்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1971இல் இயற்பியல் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான ரமேஷ் நாராயண். அவரும் கொரியாவின் இன்சு யீயும் 1994இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: விழும் வாயு மிக மெலிந்ததாக இருந்தால், அதில் வெப்பத்தைப் பெறும் கனமான அயனிகள், ஒளியை உமிழவல்ல எலக்ட்ரான்களோடு மோதுவதற்கே வாய்ப்பு அரிதாகிவிடும். வெப்பம் கைமாறுவதற்குள் வாயு கருந்துளைக்குள் போய்விடும். வெப்பமும் கூடவே போய்விடும். சாதாரணப் பொருளின் மேல் விழுந்திருந்தால் அந்த வெப்பம் தரையில் மோதி வெளிப்பட்டே தீரும். கருந்துளைக்குத் தரை இல்லை. ஆகவே இந்த மங்கலே, அங்கே இருப்பது கருந்துளைதான் என்பதற்குச் சான்றாக வாதிடவும் இடம் கிடைத்தது. இல்லாத ஒளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அழகு நம்மை இன்றும் வியக்க வைக்கிறது. 1995இல் நாராயணும் யீயும் மகாதேவனும் இதைப் பால்வெளியின் மையத்துக்கே பொருத்திக் காட்டினர்.

இதில் ஒரு கிளைக்கதை. ஜப்பானிய பிளாஸ்மா இயற்பியலாளர் செட்சுவோ இச்சிமாரு, சிக்னஸ் எக்ஸ்-1 பற்றி 1977இல் எழுதிய கட்டுரையிலேயே இக்கருத்தின் உயிர்நாடி இருந்தது. 1982இல் மார்ட்டின் ரீஸும் நண்பர்களும் காலக்ஸி மையங்களுக்கு இதையொத்த ஒன்றைச் சொல்லியிருந்தனர். 1994க்குப் பிறகுதான் இச்சிமாருவின் கட்டுரையைப் பலரும் தூசு தட்டி எடுத்தனர். சீஃபர்டுக்கு நேர்ந்ததே இவருக்கும். ஒரு விடை வந்து சேரும் வேளையில் அதற்குரிய கேள்வி இன்னும் பிறந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நீறு பூத்த நெருப்பு என்ற தொடர் முழுதும் பொருந்தியிருக்கும். உள்ளே கனல் உண்டு, மேலே சாம்பல், வழக்கு முடிந்தது. புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் பலர் அப்படித்தான் நினைத்தனர். ஸ்லோன் வானளவைத் திட்டம் லட்சக்கணக்கான காலக்ஸிகளின் நிறமாலைகளைக் கொண்டுவந்து குவித்தது. லைனர் கோடுகள் தெரிந்த இடத்திலெல்லாம் செயல்படும் கருந்துளை என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டனர்.

ஆனால் சில உறுத்தல்கள் இருந்தன. 1995இல் டான் மாவோஸ் குழுவினர் ஹப்பிள் கொண்டு புறஊதாவில் பார்த்தபோது, லைனர்களில் ஐந்தில் ஒன்றில் மட்டுமே நடுவில் புள்ளியாய் ஒளி தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றிலும் என்.ஜி.சி. 404 போன்ற சிலவற்றில் அது விண்மீன்களின் ஒளி. மற்றவை தூசியில் மறைந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்ல முடிந்தது. 2010இல் எரக்லியஸும் உடனாளர்களும் 35 லைனர்களுக்கு வரவுசெலவு பார்த்தனர். நடுவிலிருந்து வரும் கதிர் இவ்வளவு, அதைப் பெற்று ஒளிரும் வாயு உமிழ்வது இவ்வளவு. பெரும்பான்மையில் வரவைவிடச் செலவு கூடுதல். கருந்துளை இருக்கிறது, எக்ஸ்-கதிரில் தெரியவும் தெரிகிறது. ஆனால் அந்த வாயு முழுவதையும் எரிய வைக்க அதற்கு வலுவில்லை. பின் யார் எரிய வைப்பது?

விடையை 1994இலேயே பினெத், ஸ்டசின்ஸ்கா முதலியோர் எழுதியிருந்தனர். நம் சூரியனைப் போன்ற விண்மீன் தன் முதுமையில் புறப்போர்வையை உதறிவிட்டு, வெள்ளைக்குள்ளனாகச் சுருங்கும் வழியில், சிறிது காலம் லட்சம் பாகை வெப்பத்தோடு கடும் புறஊதாவை உமிழும். தனியாகப் பார்த்தால் அது பொருட்டே அன்று. ஆனால் புது விண்மீன்கள் பிறப்பதை நிறுத்திவிட்ட ஒரு பழைய காலக்ஸியில், எந்தக் கணத்திலும் இப்படிப்பட்ட முதியவை எங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றின் மொத்த ஒளி, மெலிந்த வாயுவை லைனர் கோடுகள் உமிழச் செய்யப் போதுமானது. 2008இல் ஸ்டசின்ஸ்காவும் பிரேசிலியக் குழுவினரும் இவற்றுக்கு 'ஓய்வுபெற்ற காலக்ஸிகள்' என்று பெயரிட்டு, செயல்படும் கருந்துளைகளாக எண்ணப்பட்டவற்றில் பல இவையே என்றனர். 2011இல் சித் ஃபெர்னாண்டஸ் குழு ஒரு நடைமுறை அளவுகோலும் கொடுத்தது. ஹைட்ரஜன் ஆல்பா கோட்டின் வலு, விண்மீன் பின்னொளியோடு ஒப்பிட 3 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தால் முதிய விண்மீன்களே போதும், கருந்துளையை அழைக்க வேண்டியதில்லை.

இரு தரப்பும் எப்படி ஒரே காலத்தில் சரியாக இருக்க முடிந்தது என்பதற்குத் துளையின் அளவே காரணம். பலோமரில் அருகிலுள்ள காலக்ஸிகளின் நடுப்பகுதியை மட்டும் நறுக்கி எடுத்தனர். ஸ்லோனில் ஒரு காலக்ஸிக்கு ஓர் ஒளியிழை. தொலைவிலுள்ள காலக்ஸியில் அந்த இழையின் வாய் பல ஆயிரம் ஒளியாண்டு அகலத்தை ஒரே மிடறில் விழுங்கிவிடும். உள்ளே எரிவது எது, ஊரெல்லாம் எரிவது எது என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு காலக்ஸியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே நிறமாலை எடுக்கும் கருவிகள் வந்தபின் இது தெளிவாயிற்று. நடுவில் ஒரே விளக்கு இருந்தால், வெளியே செல்லச் செல்ல ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைய வேண்டும். ஸ்பெயினின் காலார் ஆல்ட்டோவில் நடந்த காலிஃபா அளவையில் 2013இல் சிங் குழுவினர் ஆராய்ந்த காலக்ஸிகளில் அப்படிக் குறையவில்லை. எங்கும் பரவிய விண்மீன்களைப் பின்தொடர்ந்தே கோடுகளும் பரவியிருந்தன. 2016இல் மாங்கா அளவையைக் கொண்டு பெல்ஃபியோரே குழுவினர் இது காலக்ஸி முழுவதும் விரியும் நிகழ்வு என்று காட்டி, பெயரிலிருந்து 'மையப்பகுதி' என்ற சொல்லுக்குரிய எழுத்தை எடுத்துவிட்டனர். லைனர் 'லையர்' ஆயிற்று. ஆங்கிலத்தில் அதை உரக்கச் சொன்னால் பொய்யன் என்று காதில் விழும். வேண்டுமென்றே வைத்தார்களா என்று கேட்பது நம் வேலையன்று.

இதனால் ஹெக்மனோ ஃபெர்லண்டோ தோற்றுப்போயினர் என்று நாம் எண்ணவில்லை. நடுவில் சில நூறு ஒளியாண்டுக்குள் அகன்ற கோடும், எக்ஸ்-கதிர்ப் புள்ளியும், ரேடியோப் புள்ளியும் தெரியும் இடங்களில் கருந்துளை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எம்81, என்.ஜி.சி. 1052, என்.ஜி.சி. 1097 எல்லாம் அவ்வகை. வாயு ஓட்டங்கள் மோதும் இடங்களில் அதிர்ச்சி அலைகளுக்கும் பங்கு உண்டு. தவறு ஏதேனும் நடந்தது என்றால், ஒரு கோட்டு விகிதத்துக்குப் பெயர் வைத்த கையோடு, அப்பெயருக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும் என்று நம்பியதில் நடந்தது. இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. காலக்ஸிகளில் புது விண்மீன்கள் பிறப்பதைக் கருந்துளைகளே நிறுத்தின என்ற கருத்துக்கு, ஓய்ந்த காலக்ஸிகளில் தெரிந்த லைனர் கோடுகளைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அக்கோடுகளை எழுப்புவது முதிய விண்மீன்கள்தாம் என்றால், சான்று என்று காட்டப்பட்டது விளைவாகிவிடுகிறது. காலக்ஸி ஓய்ந்ததனால்தான் அவை தெரிகின்றன.

லைனர்களில் யாவரும் அறிந்த ஒன்று எம்87. 1918இல் ஹீபர் கர்ட்டிஸ் அதன் நடுவிலிருந்து நேராகப் புறப்படும் ஒரு கதிரைக் கண்டு, காரணம் புரியாமல் குறித்து வைத்தார். 2019 ஏப்ரலில் நிகழ்வெல்லைத் தொலைநோக்கி வெளியிட்ட முதல் கருந்துளைப் படம் அதனுடையதே. 650 கோடி சூரியன்களின் நிறை, 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு. சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகத்தின் பதிவுகளைக் கொண்டு 2003இல் டி மட்டேயோ குழுவினர், அதன் ஈர்ப்புப் பிடிக்குள் வரும் சூடான வாயு ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு சூரியன் அளவு எனக் கணித்தனர். 2021இல் அதே தொலைநோக்கிக் குழு, ஒளிவளையத்தின் தளவிளைவை அளந்து, கருந்துளையின் வாயிலில் உண்மையில் விழுவது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு சூரியனை ஒட்டிய அளவே என்றது. இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு. நாராயணும் யீயும் சொன்னபடி வெப்பம் உள்ளே போய்விடுகிறது என்பதோடு, வாயுவின் பெரும்பகுதி உள்ளே போகவே இல்லை என்பதும் இப்போது கணக்கில் சேர்ந்திருக்கிறது. அது காற்றாக வெளியே வீசப்படுகிறது என்று பிளாண்ட்ஃபோர்டும் பெகல்மனும் 1999இலேயே வாதிட்டனர். கொதித்து மேலும் கீழும் சுழன்றுகொண்டே நிற்கிறது என்போரும் உண்டு. வழக்கு இப்போது இந்த இடத்தில் நிற்கிறது.